ரெண்டு துளி கூட, ஒரு துளி கம்மி

அட, உக்காருங்க சார். கதவு தொறந்தாலும் டாக்டர் உடனே கூப்பிட மாட்டார். கையில இருக்கிறது கஞ்சா எண்ணெய்தானே? ரசீது போட்டுக் கடையில விக்கிறதை எதுக்கு ஒளிக்கிறீங்க? இந்த விஷயத்துல எனக்குத் தெரியாதது கிடையாது. சேச்சே, நான் டாக்டர் இல்ல. பெயிண்டுக் கடையில கலர் கலக்குறவன்.

சிரிக்காதீங்க. ரெண்டும் ஒண்ணுதான். என் வீட்டுக்காரி நீச்சல் சொல்லிக்குடுக்கிறவ. ஒரு நாள் நீச்சல் குளத்துப் பக்கமே போகாம சுவத்தைப் பாத்துப் படுத்துட்டா. மனச்சோர்வுன்னு இதே டாக்டர்தான் சொன்னார். மாத்திரை குடுத்தார், வாரா வாரம் வந்து பேசிட்டுப் போகச் சொன்னார். மத்ததை இந்த எண்ணெயைக் கலந்து குடுத்து நான் பாத்துக்கிறேன்னு இறங்கிட்டேன்.

இந்த எண்ணெய்ல டிஎச்சி, சிபிடின்னு ரெண்டு சரக்கு இருக்கு சார். டிஎச்சி கொஞ்சமாப் போனா ஆளைச் சிரிக்க வைக்கும். கூடிப்போச்சுன்னா நெஞ்சு படபடன்னு அடிச்சு, காலண்டர் ஆடுறதைப் பாத்தே பயப்பட வைக்கும். சிபிடி அதுக்கு மூக்கணாங்கயிறு. போதாததுக்கு எலுமிச்சை வாசம், பைன்மர வாசம்னு வாசனைச் சரக்கு ஒரு கூட்டம். எல்லாம் சேந்தாத்தான் வேலை செய்யுமாம், கூட்டுக்குடும்பம் மாதிரி. என்னது, ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் முடிவாச் சொல்லலையா? டாக்டரும் அதேதான் சொன்னார். பாவம், அவங்களுக்கு நேரமில்ல. எனக்கு இருந்துச்சு.

முதல்ல டிஎச்சியைத் தூக்கலா விட்டேன். அலமாரிக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்கன்னு அவ சாயங்காலம் பூரா என் கையை விடவே இல்ல. கல்யாணமான புதுசுலகூட அப்படிப் புடிச்சதில்ல, முன்னேற்றம்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்து சிபிடியை ஏத்துனேன். பேசிக்கிட்டிருக்கும்போதே தூங்கிட்டா. யாரு பேசிக்கிட்டிருந்ததா? நான்தான்.

அப்புறம் எலுமிச்சை. ரெண்டு துளி கூட, ஒரு துளி கம்மின்னு மாத்தி மாத்திப் பாத்தேன். சாப்பிட உக்காந்தா, இப்ப மனசு எப்படியிருக்குன்னு கேப்பேன். குளிச்சுட்டு வந்தா கேப்பேன். கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டா வெளிய நின்னு கேப்பேன். கட்டுன பொண்டாட்டி மேல அக்கறை தப்பா சார்?

அந்த நேரம் பாத்துக் கடையில என்னை வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பிட்டாங்க. கலவையைப் புதுப் பாட்டில்ல ஊத்தி வச்சு, ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனேன். திரும்பி வந்தா, கொடியில நீச்சல் உடுப்பு காயுது. பக்கத்து வீட்டம்மாவோட நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கா. எனக்குத் தலைகால் புரியல. கலவை புடிபட்டுருச்சு, நீ எந்த வேளைக்கு எத்தனை துளி போட்டேன்னு கேட்டேன். பாட்டிலை எடுத்துக் கையில குடுத்தா. மூடியே தொறக்கல.

மாத்திரையை ஒழுங்காப் போட்டிருக்கா, இங்க வந்து பேசியிருக்கா, தண்ணில இறங்கியிருக்கா. அவ்வளவுதான். வேற என்ன மாறுச்சுன்னா கேக்குறீங்க? அதே வீடு, அதே கட்டில். நான் மட்டும்தான் ஊர்ல இல்ல.

சண்டையெல்லாம் போடல சார். போட்டிருந்தா பதிலுக்குப் பேசியிருப்பேன். நீங்க இல்லாதப்பத்தான் நான் எப்படியிருக்கேன்னு எனக்கே தெரிஞ்சுதுங்கன்னு சொன்னா. சோறு போட்டுக்கிட்டே சொன்னா.

இல்ல, அவளைக் கூட்டிட்டு வரல. அதுக்கப்புறம் அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா, நல்லாருக்கா. முகத்துல பழைய களை வந்துருச்சு. சீட்டு எனக்குத்தான். கொஞ்ச நாளா காலையில எந்திரிக்கவே தோணல. எந்திரிச்சா சட்டை போடணுமேன்னு மறுபடி படுத்துக்கிறேன். அவதான் போன் பண்ணி, நீங்க போய்ப் பாருங்கன்னு இங்க நேரம் வாங்கிக் குடுத்தா.

இன்னைக்குச் சட்டை போட்டுட்டேன், பாருங்க. இஸ்திரி பண்ணலதான்.