ஆறு நாளும் ஹார்லனின் வாயும்

வெல்டா: ...சுத்தி வளைக்காம சொல்லு நாடீன். ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்காரர் ஹார்லன் வாயைத் திறந்தாரா, இல்லையா?

நாடீன்: எப்ப அக்கா?

வெல்டா: எப்பவாம்! சண்டே ஸ்கூல் வாத்தியாருங்க நாங்க எல்லாரும் சபை முன்னாடி வரிசையா நின்னு விசுவாச அறிக்கை சொன்னப்பதான். வருஷத்துக்கு ஒரு தடவை சொல்றது. அதுலயுமா...

நாடீன்: சொன்னாரே. நல்லாத்தான் சொன்னார்.

வெல்டா: வானத்தையும் பூமியையும் தேவன் படைச்சார்ங்கிற வரைக்கும் சொன்னார். பக்கத்துலதானே நின்னேன். ஆறே நாள், நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம்னு வந்துச்சு பாரு... உதடு அசையுது, சத்தத்தைக் காணோம்.

நாடீன்: தொண்டை கட்டியிருந்துச்சு.

வெல்டா: கட்டின தொண்டைதான் அடுத்த நிமிஷமே கூரை பிய்ச்சுக்கிற மாதிரி பாடிச்சாக்கும்?

நாடீன்: இந்த அவிச்ச முட்டைக்குள்ள வைக்கக் கடுகு விழுது போதுமா, பாருங்க. சாயங்காலம் சபைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்துடுவாங்க...

வெல்டா: முட்டை கிடக்கட்டும். ஜெபச் சங்கிலி என் பொறுப்புடி. நான் ஒரு ஃபோன் போட்டா, அது ஒவ்வொரு வீடா போய் ஊரே முழங்கால் போட்டுடும்.

நாடீன்: முழங்காலா போடுது? காதைத் தீட்டிக்கிட்டு உக்காருது. லூவெல்லா மருமகன் குடிக்கிறது லூவெல்லாவுக்கே உங்க ஜெபக்குறிப்புல இருந்துதான் தெரிஞ்சுது.

வெல்டா: நான் பேரா சொன்னேன்? வெள்ளை டிரக் வெச்சிருக்கிற ஒரு மருமகனுக்காக ஜெபிங்கன்னுதானே சொன்னேன்.

நாடீன்: ஊர்ல வேற யார்கிட்ட இருக்கு வெள்ளை டிரக்?

வெல்டா: அதுக்கு நான் என்ன பண்றது? வேற கலர் வாங்கியிருக்கலாம். பேச்சை மாத்தாதே. ஹார்லன் விஷயம்...

நாடீன்: அவரை மட்டும் சங்கிலியில போட்டுடாதீங்க அக்கா. வகுப்பைப் பிடுங்கிடுவாங்க.

வெல்டா: பிடுங்கத்தான் செய்வாங்க. நம்பாதவர் பிள்ளைங்களுக்கு ஆதியாகமம் சொல்லிக்கொடுத்தா...

நாடீன்: நம்பாதவரா! தேவன்தான் படைச்சார்ங்கிறதுல அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது. எங்களுக்குன்னு ஒரு பிள்ளை இல்லை. டயர் கடையைச் சாத்திட்டு, சனிக்கிழமை முழுக்க அந்தப் பிள்ளைங்களுக்காக அட்டையில யானையும் ஒட்டகமும் வெட்டி நோவா பேழைக்குள்ள அடுக்கிக்கிட்டிருக்கார். அதுவும் இல்லைன்னா மனுஷன் என்ன ஆவார்?

வெல்டா: டைனோசர் கூட வெட்டினார்ல?

நாடீன்: ரெண்டு. குட்டி டைனோசர். குட்டின்னாத்தானே பேழையில இடம் பத்தும்...

வெல்டா: அதெல்லாம் நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் எங்க இடிச்சுது?

நாடீன்: ...நீங்க யார்கிட்டயும்...

வெல்டா: அட, சொல்லுடி.

நாடீன்: ஹைவேக்காக மலையை வெட்டிப் போட்டிருக்காங்கல்ல? பிள்ளைங்களுக்குக் கல்லுல இருக்கிற சிப்பி காட்டக் கூட்டிட்டுப் போனார்.

வெல்டா: வருஷா வருஷம் போறதுதான். மலையில சிப்பி எப்படி வந்துச்சு? ஜலப்பிரளயத்துல வந்துச்சு. நானே போய்ப் பொறுக்கியிருக்கேன்.

நாடீன்: இந்தத் தடவை ஒரு கல்லைப் பார்த்தாராம். குட்டை வத்தினா சேறு காஞ்சு பாளம் பாளமா வெடிக்குமே, அதே மாதிரி. அதுக்கு மேல அடுக்குலயும் சிப்பி, கீழ அடுக்குலயும் சிப்பி. பூமி முழுக்கத் தண்ணி நின்னப்ப, நடுவுல சேறு எப்ப காஞ்சுதுன்னு கேக்கிறார்.

வெல்டா: பாஸ்டர் டிலார்டைக் கேக்க வேண்டியதுதானே?

நாடீன்: கேட்டாரே. வெள்ளம் ஏறி ஏறி வடிஞ்சுது, வடிஞ்ச நேரத்துல காஞ்சுதுன்னு பாஸ்டர் சொன்னார்.

வெல்டா: பொருத்தமான பதில்தானே!

நாடீன்: பொருத்தம்தான். இவரும் சந்தோஷமா வீட்டுக்கு வந்தார். சோளரொட்டியைப் பிட்டு வாயில வெச்சவர் அப்படியே நிறுத்தி, "அத்தனை சீக்கிரமாவா காயும்?"னார். அன்னிக்குப் பிடிச்சது...

வெல்டா: அதுக்காக விசுவாச அறிக்கையை முழுங்கிடறதா?

நாடீன்: "ஆறு நாள் இல்லைன்னு நான் சொல்லலை நாடீன். தெரியாததைத் தெரியும்னு தேவனோட வீட்டுல நின்னு சொன்னா அது பொய்ச்சாட்சி"ங்கிறார்.

வெல்டா: ம்... பத்துக் கட்டளையையே இழுத்துட்டாரா.

நாடீன்: பாஸ்டர் கவனிக்கலை. அவர் மனைவி கவனிக்கலை. நீங்க ஒருத்தர் விட்டுட்டா போதும் அக்கா.

வெல்டா: எனக்கு மட்டும் ஆசையா? பார்த்ததை மறைச்சா...

நாடீன்: இருங்க. அத்தனை பேர் ஒரே குரலா சொல்றீங்க. அதுல இவர் சத்தம் வரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

வெல்டா: அதான் பக்கத்துல நின்னேனே!

நாடீன்: நின்னீங்க. ஆனா உங்க குரல் எப்படி? நீங்க ஆமென் சொன்னா வாசல்ல நிக்கிற நாய் எழுந்து ஓடும். அந்தக் குரல்ல சொல்லிக்கிட்டிருந்தா, பக்கத்துல உள்ளவர் சத்தம் உங்க காதுல விழுமா?

வெல்டா: அந்த ஃபோனை அந்தப் பக்கம் தள்ளி வை.

நாடீன்: அப்ப ஜெபச் சங்கிலி?

வெல்டா: இன்னிக்கு லூவெல்லா மூட்டு வலிக்கு ஜெபிச்சாப் போதும். ...அந்த ஆறு நாள் வரி வந்தா, வருஷக்கணக்கா நான் உதட்டை மட்டும்தான்டி அசைக்கிறேன். பக்கத்துல உன் வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்துக் கத்துவார், யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை அவரும் நிறுத்தினாரா... எங்க ரெண்டு பேர் நின்ன இடத்துல அப்படி ஒரு அமைதி. மாட்டிக்கிட்டேன்னே நினைச்சேன்.