நாலு நிமிஷப் பாட்டு

பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க வீட்டுக்காரர் எழுதுற பாட்டு எதுவுமே நாலு நிமிஷத்தைத் தாண்டாதுக்கா."

"ஏன்?"

"ஒர்க்‌ஷாப்ல சாப்பிட்டு முடிச்சு, டிபன் டப்பாவத் தட்டிப் பாடுவாரு. சங்கு ஊத அவ்வளவுதான் நேரம் இருக்கும். ஊதுனதும் ஃபோர்மேன், 'சொந்தப் பாட்டா? போய் வேலையப் பாருய்யா'ன்னு விரட்டுவாரு. பதினோரு வருஷமா இதேதான்."

"இப்பதான் அவரு பாட்டெல்லாம் கேசட்டாவே வந்துடுச்சே!"

"ஆமா, எல்லாருக்கும் மனப்பாடம். நேத்து அத்தனை பேரும் கூடவே பாடி, ஒவ்வொரு அடியையும் ரெண்டு தடவை பாட வச்சுட்டாங்க. பாதியிலயே சங்கு ஊதிடுச்சு. பழக்கதோஷம், இவரு டப்பாவத் தூக்கிட்டு எந்திரிச்சுட்டாரு."

"அடடா!"

"வேற ஒருத்தரும் எந்திரிக்கலக்கா. அந்த ஃபோர்மேனே சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, 'மிச்சத்தையும் பாடிட்டுப் போய்யா'ன்னாராம்."