லுல்வாவின் இடது கால்

புதிதாக ஓட்ட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், டாக்டர். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வேகம் பிரேக்கில்தான் இருக்கிறது. திருப்பம் வருவதற்கு முன்பே, கார் நேராக ஓடும்போதே பலமாக அழுத்திவிட வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்பக் காலை மெல்ல எடுக்க வேண்டும். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். என் தங்கைக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

லுல்வாவின் கால் எப்போது பலமிழக்க ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அதற்கு இந்த விளையாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். முஹர்ரக்கில் எங்கள் வீட்டு மஜ்லிஸில், விருந்தினர் உட்காரும் அறையில், ஒரு ரேஸிங் சிமுலேட்டர் இருக்கிறது. இருக்கை, ஸ்டீயரிங், பெடல்கள், எதிரே பெரிய திரை. நான் ஆசைப்பட்டு வாங்கியது. அதில் வலது கால் ஆக்சிலரேட்டருக்கு, இடது கால் பிரேக்குக்கு. வெள்ளிக்கிழமை மதியம் மச்பூஸ் சோறு சாப்பிட்ட கையோடு நண்பர்கள் வந்துவிடுவார்கள். ஓட்டத் தெரியாதவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பேன். நல்ல வாத்தியார் என்று பெயர். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

லுல்வாவுக்கு நான் சொன்னவை எல்லோருக்கும் சொல்கிறவைதான். ஒரே காரை எடுத்துக்கொள், ஒரே ட்ராக்கில் ஓட்டு, வாரத்துக்கொன்று மாற்றாதே. ஒழுங்காக ஓட்டு, வேகம் பின்னாலேயே வரும். திரையின் ஓரத்தில் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் கோட்டைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். அழுத்தத்தைக் காலில் உணர்ந்து பழகு. முக்கியமாக, செட்டிங்கில் கையே வைக்காதே, தோற்கிறவர்கள்தான் அதை நோண்டிக்கொண்டிருப்பார்கள். இதில் எதுவும் தவறில்லை. நாளைக்கு நீங்கள் வந்து உட்கார்ந்தாலும் இதையேதான் சொல்வேன்.

அவள் சொன்ன பேச்சைத் தட்டாத பெண். ஒரு சுற்றை முடிக்க நான் எடுக்கும் நேரத்தை ஒரு வருஷத்துக்குள் முறியடித்துவிட்டாள். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோர் முன்னாலும். ஹமூத் என் நண்பன், அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையும் அவன்தான். திரையைப் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"டேய் ஃபவாஸ், இனிமே நீ கரக் டீ போட்டுக் கொண்டாடா. ஓட்டுற வேலைய உன் தங்கச்சி பாத்துக்குவா."

"சும்மா இரு ஹமூத்," என்றாள் லுல்வா. "எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவன்தான்."

"அதான் சொல்றேன். சொல்லிக் குடுக்குறதோட நிறுத்திக்கட்டும்."

நானும் சிரித்தேன். உள்ளே போய் டீயும் போட்டுக்கொண்டு வந்தேன். வயிறு எரிந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் நான் பொறாமைக்காரன் இல்லை. வயிற்றெரிச்சல் அன்று சாயங்காலமே அடங்கிவிட்டது.

பிறகு அபுதாபியிலிருந்து ஒரு கார் பந்தய அணி அவளுக்கு எழுதியது. சிமுலேட்டரில் நன்றாக ஓட்டும் பெண்களைத் தேர்ந்தெடுத்து நிஜக் காரில் ஏற்றப் போகிறார்களாம். பெருநாள் கழிந்து தேர்வு. அவளைவிட ஹமூத்துக்குத்தான் தலைகால் புரியவில்லை. நான் மட்டும்தான் யோசித்தேன். நிஜக் கார் மோதினால் நிஜச் சுவர், டாக்டர். உம்மா இல்லாத பெண். அப்பா உண்டு, அவருடைய துணிக்கடை உண்டு. வீட்டில் அவளுக்காக யோசிக்க யார் இருக்கிறார்கள், என்னை விட்டால்?

பெடலின் செட்டிங்கில் ஒரு எண் இருக்கிறது. முழு பிரேக் பிடிக்க எத்தனை கிலோ அழுத்தம் வேண்டும் என்பது அது. அவளுக்கு முப்பது வைத்திருந்தேன். ஒரு நாள் அவள் கல்லூரிக்குப் போனதும் அதைக் கொஞ்சம் கூட்டினேன். இரண்டே கிலோ. பழகிய அழுத்தத்துக்கு இனி பிரேக் முழுதாகப் பிடிக்காது.

அன்று முதல் திருப்பத்திலேயே நிற்காமல் ட்ராக்கை விட்டு வெளியே போய்விட்டாள். மறுபடியும் போனாள். தனியாக இருக்கும்போது என்னை 'அகூய்' என்றுதான் கூப்பிடுவாள், என் அண்ணனே என்று கொஞ்சுகிற மாதிரி.

"என்னன்னே தெரியல, அகூய். கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"கொஞ்சம் முன்னாடியே அழுத்திப் பாரு," என்றேன். சரியான அறிவுரைதான் அது.

செட்டிங்கை அவள் திறந்து பார்க்கவில்லை. திரையின் ஓரத்தையும் பார்க்கவில்லை. அப்படிப் பழக்கியிருந்தேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். சலித்துப்போய் விட்டுவிடுவாள் என்றுதான் எண்ணினேன். எங்கள் உம்மாவின் நோய் என் நினைவிலேயே இல்லை. அதை நினைத்தது அவள்தான்.

உம்மாவுக்கு வந்த நரம்பு நோய் உங்களுக்குத் தெரியும், பழைய காகிதங்களைப் பார்த்தீர்கள். பிள்ளைகளுக்கும் வரலாம் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். லுல்வா அப்போது சிறு குழந்தை, ஒன்றும் ஞாபகமில்லை. ஒரு நாள் பாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அகூய், உம்மாவுக்கு முதல்ல எங்க ஆரம்பிச்சுச்சு?"

உம்மாவுக்கு வலது கையில்தான் ஆரம்பித்தது. சாப்பிடும்போது கரண்டி கை நழுவி விழும். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இடது கால்ல," என்றேன்.

இந்த விஷயத்தில் நான் வாய் திறந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு எனக்கு அதிக வேலை இருக்கவில்லை. கூட்டிக்கொண்டே போனால் சந்தேகம் வரும். நோய் என்றால் ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும். அதனால் சில நாட்கள் குறைத்து வைப்பேன். அந்த நாட்களில் வீடே மாறிவிடும். பாட்டுப் பாடிக்கொண்டு இனிப்புச் சேமியா போட்டு பலாலீத் செய்வாள், ஹமூத்தைக் கூப்பிட்டுக் கால் சரியாகிவிட்டது என்பாள். அவள் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் விட்டுவிட்டு மறுபடியும் கூட்டுவேன். கையால் தொடையை அமுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு பெடலை மிதிப்பாள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அடிபட்டுக்கொள்ளக் கூடாதே என்ற கவலை.

ரத்தப் பரிசோதனைக்கு ஹமூத் எவ்வளவோ கெஞ்சினான். வர மாட்டேன் என்றுவிட்டாள். ஆம் என்று அச்சடித்த காகிதத்தைக் கையில் வாங்க அவளுக்குத் தைரியம் இல்லை. அபுதாபிக்கு வரவில்லை என்று அவளே எழுதினாள். மோதிரத்தையும் அவளே கழற்றிக் கொடுத்தாள். ஹமூத் என்னிடம் வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீயாவது சொல்லுடா. நோயோடவே கட்டிக்கிறேன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கிறா. 'என்னத் தூக்கிச் சுமக்கச் சொல்லி உன்ன யாரு கேட்டா'ன்னு என் மூஞ்சிக்கு நேராக் கேக்குறா."

"அவ முடிவு அது," என்றேன். "வற்புறுத்தாத."

யாருடைய முடிவிலும் நான் மூக்கை நுழைக்கிறவன் இல்லை.

மோதிரம் திரும்பிப் போன அன்றே எண்ணைப் பழையபடி முப்பதுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி அதற்கு அவசியமில்லை. ஆனால் அவள் அந்த இருக்கையின் பக்கமே வரவில்லை. இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அவளுடைய நேரத்தை இன்னும் எட்டவில்லை. பரவாயில்லை, இனி அவசரம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் படிக்கட்டில் விழுந்தாள். இடது கால் எழும்பவில்லை என்றாள். படிக்கட்டில் நான் எதையும் கூட்டவில்லை, டாக்டர். அன்றிலிருந்து காலை இழுத்துத்தான் நடக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, அல்லது என் தோளைப் பிடித்துக்கொண்டு. முதலில் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அவளைத் தேற்றி ரத்தம் கொடுக்க வைத்ததும், உங்களிடம் கூட்டிவந்ததும் யார்? நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நோய் இல்லை என்று வந்திருக்கிறது. நல்லது. நீங்கள் சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? "உங்க மெஷினுக்கு என்ன தெரியும்? என் காலு எனக்குத் தெரியாதா?" என்றாளே. காலில் ஒன்றும் இல்லை, மனசுதான் பிடித்துவைத்திருக்கிறது, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நடக்க வைத்துவிடலாம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அதனால்தான் ஒன்று விடாமல் சொன்னேன். மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

இதையெல்லாம் அவளைக் கூப்பிட்டு அவளிடமே சொல் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுமையாக யோசியுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நான் வந்து கை கொடுத்தால்தான் எழுந்திருப்பாள். ஓட்டம் போய்விட்டது, ஹமூத் போய்விட்டான். அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரு அண்ணன். கால் இன்று இல்லாவிட்டால் ஒரு நாள் சரியாகும். இந்த நிலைமையில் நானும் இல்லையென்றால் அவளை யார் தாங்கிப் பிடிப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.