முகப்பில் ஒரு துளை

மாடி வீட்டைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, குழந்தை இருக்கிறதா என்பதைத்தான். மற்ற வீட்டுக்காரர்கள் குழந்தை என்றாலே முகம் சுளிப்பார்கள். சுவரில் கிறுக்கும், தலைக்கு மேல் குதிக்கும் என்பார்கள். என் வழி வேறு. குழந்தை இல்லையென்றால் வீடும் இல்லை. ஒருமுறை புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து, "சீக்கிரமே பெத்துக்கறோம் சார்" என்று கெஞ்சியது. பெற்றுக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம் ஐயா, தவறில்லை. ஆனால் எங்கள் தெருவை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். இருபத்திரண்டு வீடுகள், எல்லாம் நூற்றைம்பது வருஷத்துக் கட்டடங்கள், ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. தெருமுனையில் பித்தளைப் பலகை இருக்கிறது. 'பழமை மாறாத, குடும்பங்களுக்கு உகந்த தெரு.' அது சும்மா வந்துவிடவில்லை. நகராட்சி ஆண்டுதோறும் பழைய தெருக்களுக்குப் போட்டி வைக்கிறது. நூறு மதிப்பெண். அறுபது வீட்டு முகப்புகளுக்கு, நாற்பது குடும்பச் சூழலுக்கு. தேர்வுக்குழுவினர் மூன்று பேர் படிவத்தோடு வந்து ஒவ்வொரு வீட்டையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவார்கள். தெருவில் எத்தனை குழந்தைகள் விளையாடுகின்றன என்றும் எண்ணிக்கொள்வார்கள். தெருப் பாதுகாப்புக் குழுவின் செயலாளராகப் பதினோரு வருஷம் இருக்கிறேன். பலகையைத் துடைப்பதும் நான்தான்.

அதற்கு முன் முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மாடிக்கு வந்த குடும்பம் அருமையான குடும்பம். கணவர் ரயிலில் கார்டு, வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். மனைவிக்கு நூலகத்தில் வேலை, அதனாலோ என்னவோ வீட்டிலும் மெதுவாகத்தான் பேசுவாள். ஒரே மகள், ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் நான் அவளைப் பொக்கை என்று கூப்பிடுவேன். அவள் என்னைத் தாத்தா என்பாள், அவள் அம்மா மாமா என்பாள். ஒட்டுதலாகத்தான் இருந்தோம். அவளுக்குச் சிவப்பு சைக்கிள் வாங்கிக் கொடுத்ததே நான்தான். தேர்வுக்குழு வரும் நாளில் அதைத் தெருவில் ஓட்டுவாள். மற்ற நாட்களில் ஓட்டக்கூடாது, கல் பாவிய தெரு தேய்ந்துவிடும்.

போன வருஷம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. நாலு நாள் மைத்துனர் வீட்டில் தங்கிவிட்டு, கட்டை அவிழ்த்துக்கொண்டு வீடு திரும்பினேன். புதுக் கண்ணால் நான் பார்த்த முதல் பொருள், என் வீட்டு முகப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு தகரக் குழாய்.

மாடிக் குளியலறையில் கேஸ் கீசர் மாட்டியிருந்தார்கள். குழந்தைக்கு ஓயாத சளி, வெந்நீர் வேண்டும் என்று கேட்டதற்கு என் மனைவி தலையாட்டிவிட்டாளாம். மாட்டிய மெக்கானிக்கை வரவழைத்து, இது என்ன அக்கிரமம் என்று கேட்டேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார்.

"சார், கேஸ் எரியிற இடத்துல கெட்ட காத்து வரும். அதுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. இந்தக் குழா வழியா வெளிய போயிடணும். இத அடைச்சா, உள்ள குளிக்கிறவங்க தூங்குற மாதிரியே போய்ச் சேர்ந்துடுவாங்க. வேற பக்கம் விடவும் இடமில்ல சார், சுத்தி அறையும் பக்கத்து வீடும்தான் இருக்கு."

"ஜன்னல் இருக்கே?"

"அது திறக்கவே வரமாட்டேங்குதே சார்."

அது உண்மைதான். குளியலறைக்கு ஒரே ஜன்னல், பழைய வண்ணக் கண்ணாடி போட்டது. அதில் ஆணி அடித்தது நான்தான். ஆனால் அது வேறு விஷயம், மாடிக்காரி அதில் ஈரத் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எப்படியானாலும் மெக்கானிக் எனக்குத் தெளிவாக விளக்கினார். அவர் வேலையில் நான் எந்தக் குறையும் சொல்லமாட்டேன்.

அந்த வருஷம் இரண்டு மதிப்பெண்ணில் தோற்றோம். படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். என் வீட்டு எண்ணுக்கு நேரே சிவப்பு மையில், 'முகப்பில் ஒரு துளை' என்று எழுதியிருந்தது. பலகை பின்தெருவுக்குப் போய்விட்டது. நாலு திருகாணி, என் கையாலேயே கழற்றிக் கொடுத்தேன். பின்தெருவின் செயலாளர் ஒரு மருந்துக்கடைக்காரர். வாங்கிக்கொண்டு, "என்ன சார், உங்க வீடு சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சிடுச்சாமே?" என்றார். கூட இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஐயா, எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. அடுத்த போட்டி நெருங்கும் சமயத்தில் மாடிக்காரியிடம் போய், கீசரைக் கழற்றிவிடலாமா அம்மா என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

"குளிர் போகட்டும் மாமா. பாப்பாவுக்கு இப்பத்தான் கொஞ்சம் நெஞ்சு தெளிஞ்சிருக்கு" என்றாள்.

நியாயம்தானே. காத்திருந்தேன். குளிர் முழுசாகப் போவதற்குள் தேர்வுக்குழுவின் கடிதம் வந்துவிட்டது. இந்த முறை ஒரு மாதம் முன்னதாகவே வருகிறார்கள், எட்டு நாளில்.

நல்லவேளையாக மாடிக்காரர்கள் அந்தப் பெண்ணின் அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் போனார்கள். அவர்கள் கிளம்பிய காலையே ஏணி போட்டு ஏறினேன். வெளியே நீட்டிய குழாயை முறுக்கிக் கழற்றினேன். துளைக்குள் உடைத்த செங்கல்லைத் திணித்து, மேலே சுண்ணாம்பு பூசினேன். பூச்சு வேலை எனக்குப் புதிதல்ல, பக்கத்து வீட்டு முகப்பைப் புதுப்பித்தபோது கொத்தனார் பக்கத்திலேயே நின்று கற்றுக்கொண்டதுதான். கஷ்டம் நிறத்தில்தான். நூற்றைம்பது வருஷ வெயிலும் மழையும் பட்ட மஞ்சளை ஒரே காலையில் கொண்டுவர வேண்டும். ஒன்பது முறை கலந்தேன். டீத்தூள் வடித்த தண்ணீரைக்கூடச் சேர்த்துப் பார்த்தேன். கடைசியில் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பழைய சொரசொரப்பையும் கொண்டுவந்தபோது, கீழே இறங்கி நின்று பார்த்தேன். எங்கே துளை இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

குளியலறைக்கு உள்ளே எதையும் தொடவில்லை. அங்கே பார்த்தால் குழாய் எப்போதும் போல் சுவருக்குள் போகும். ஊரிலிருந்து வந்ததும் மாடிக்காரி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"குழாய் எங்க மாமா?"

"உள்ள தள்ளி, பூவேலைக்குப் பின்னாடி வச்சிருக்கேன்மா. காத்து போகும், கண்ணுக்குத் தெரியாது."

"பரவாயில்லையே, அழகா இருக்கு" என்றாள். அவள் ரசனையுள்ள பெண்.

எட்டே நாள், ஐயா. தேர்வுக்குழு வந்துபோனதும் உடைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கீசரைப் போடாதே என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால் துளையைத் திற என்பாள். வீணாக மனஸ்தாபம்.

அவர்கள் ஊரிலிருந்து வந்த மூன்றாம் நாள், மாலை ஐந்தரை மணி இருக்கும். பொக்கை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அவள் அம்மா அவளைக் குளிப்பாட்டப் போயிருந்தாள். மேலே தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு எங்கள் கூடத்துக் கூரையில் ஒரு ஈரத் திட்டு தெரிந்தது. அந்தக் கூரையில் சுண்ணாம்பால் செய்த கொடிவேலை இருக்கிறது, அதைப் போல இன்னொன்று நகரத்தில் கிடையாது. ஓடிப்போய் வாளி வைத்தேன். அது நிறைந்ததும் இன்னொரு வாளி வைத்தேன். மொட்டுக்குப் பக்கத்தில் ஒரு இலை ஊறி உப்ப ஆரம்பித்துவிட்டது. துணியால் ஒற்றிக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றிருந்தேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "மேல குழாயத் திறந்து விட்டுட்டு எங்கயோ போயிட்டாங்க போல. போய்ப் பாருங்களேன்" என்றாள்.

"இத முதல்ல பாக்கறேன்" என்றேன்.

அவளே மாடிக்குப் போனாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடும் சத்தம், கதவை உடைக்கும் சத்தம். அப்புறம் அவள் அலறியது. துண்டு விழுந்து தண்ணீர் போகும் வழியை மூடியிருந்ததாம். அம்மா குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இருவர் முகமும் நன்றாகச் சிவந்திருந்ததாம், தூங்குவது போல. மெக்கானிக் சொன்னபடியேதான்.

கால் மணி நேரம் முன்னால் கதவைத் திறந்திருந்தால் குழந்தையாவது பிழைத்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

கார்டு மறுநாள் காலை வந்தார். சீருடையோடு வாசல் படியில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது. எனக்குப் பேத்தி கிடையாது.

தேர்வுக்குழு அனுதாபம் தெரிவித்து ஒரு மாதம் தள்ளி வந்தது. குழந்தைகள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டாலும் முகப்புக்கு அறுபதுக்கு அறுபது. பலகை திரும்பி வந்தது. மருந்துக்கடைக்காரரே அதைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இதற்கிடையில் நீங்கள் மெக்கானிக்கைப் பிடித்தீர்கள். உங்கள் நிபுணர் வந்து வெளிச்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த முகப்பை நூறு வருஷமாக யாரும் தொட்டதில்லை, மெக்கானிக் துளையை வெளியே வரை போடவே இல்லை, குழாயைப் பாதிச் சுவரில் செருகி ஏமாற்றிவிட்டார் என்று எழுதினார். வெளியே குழாய் இருந்ததே என்று கார்டு சொன்னதற்கு, துக்கத்தில் குழம்பிப்போயிருக்கிறார் என்றார்கள். தெருக்காரர்களும் அப்படி எதையும் பார்த்ததாக நினைவில்லை என்றார்கள். எங்கள் தெரு கட்டுப்பாடான தெரு. நகராட்சியின் போன வருஷப் படிவத்தை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நிபுணர் எழுதியதைப் பத்திரிகையில் நாலு முறை படித்தேன். படித்தவர், அனுபவஸ்தர், அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

மெக்கானிக் உள்ளே போய் நாற்பது நாள் ஆகிறது. அவர் மனைவி கைக்குழந்தையோடு என் வாசலுக்கு வந்து, "நீங்க பாத்தீங்களே சார், ஒரு வார்த்த சொல்லுங்க சார்" என்று அழுதாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நான் டீத்தூள் காய்ச்சியதை அவள் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே ஐயா. அதனால்தான் நானாகவே நடந்து வந்து உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நேற்றுத்தான் வரவேண்டும் என்று தோன்றியதா என்றால், ஆமாம். நேற்றுத்தான் நோட்டீஸ் வந்தது. மெக்கானிக்கின் வக்கீல் கேட்டுக்கொண்டபடி, வரும் திங்கட்கிழமை முகப்பை நாலடிக்கு நாலடி உடைத்துப் பார்க்கப்போகிறார்களாம். இனி அது தேவையில்லை அல்லவா? நான்தான் ஒப்புக்கொண்டுவிட்டேனே. எங்கே துளை, எத்தனை அங்குலம், என்ன கலவை எல்லாம் படமே வரைந்து தருகிறேன். நாலடி உடைத்தால் அந்த மஞ்சளை மறுபடி கொண்டுவர இந்த நகரத்தில் ஆள் கிடையாது. நானும் உள்ளே இருப்பேன்.

ஒன்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. மாடியில் இருந்தவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அவர்கள் இறந்த அன்று மத்தியானமே மாடிக்காரி கீழே வந்தாள். நூலகத்துக்கு லீவு போட்டிருந்தாள், முகம் வெளுத்திருந்தது.

"மாமா, ரெண்டு மூணு நாளா குளிச்சிட்டு வந்தாலே பாப்பாவுக்குத் தல சுத்துது. எனக்கும் வாந்தி வர்ற மாதிரி இருக்கு. நீங்க உள்ள தள்ளி வச்சீங்களே, அந்தக் குழாய்ல ஏதாவது அடைச்சிருக்குமா?"

"அடைப்பெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சீதோஷ்ணம் மாறுதில்ல, அதான். இன்னும் கொஞ்சம் சூடா ஊத்திக் குளிப்பாட்டு" என்றேன்.

"சரி மாமா" என்று படியேறிப் போனாள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவள் போனதும் மனசு கேட்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கையில் உளியும் சுத்தியலும் இருந்தன. மேலே ஏறிச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு இறுகி முடிக்க ஏழு நாளாகும். அதற்குள் தட்டினால் சுற்றியிருக்கும் பழைய பூச்சும் சேர்ந்து விரிசல் விட்டுவிடும். அன்று ஐந்தாம் நாள்தான்.