நேராப் போகாத பலகை

ஏனுங்ண்ணா, வெயில்ல நிக்கறீங்களே, இப்பிடி நெழலுக்கு வாங்க. காளிச்சாமி அண்ணன் ஊடு அந்தத் தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கந்தானுங்க. பூட்டிக் கெடக்குதுங்களா? வரட்டும், பொறவு பாத்துக்கலாம். பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால அக்கம்பக்கத்துல விசாரிக்கறது மொறைதானுங்களே, கேளுங்க. பக்கத்துத் தோட்டம் எங்களுது, என்ற பேரு மயிலாத்தா. நீங்க எந்தூருங்க? போத்தனூருங்களா... ஏனுங்க, போத்தனூர்ல கடல் கிடல் எதாச்சும் இருக்குதுங்களா? இல்லீங்க, சும்மா கேட்டேன்.

காளிச்சாமி அண்ணன் பையன் கிருபாசங்கர் நல்ல பையந்தானுங்க. ஆரு இல்லைன்னா? பம்பு கம்பெனில இன்ஜினியரா இருந்தான். அத உட்டுப்போட்டு மாட்டுச்சாளைக்குள்ள உக்காந்து பலகை இழைக்கறான். கதவுக்கா கட்டலுக்கான்னு கேக்காதீங்க. கடல்ல அலை மேல நின்னு வழுக்கீட்டுப் போறதுக்காமா. கெணத்துக்கடவுல உக்காந்துட்டு! இங்க எங்கீங்க அலை? வாய்க்கால்ல தண்ணி உடறதுக்கே நாங்க நாயா பேயா கத்தோணும்.

ஹவாய்னு ஒரு தீவாமா. அங்க ராசா காலத்துல இப்பிடித்தான் மரப்பலகையில நின்னாங்களாமா. நின்னுட்டுப் போறாங்க, ராசாவுக்கு வேற சோலி இல்லை. இவனுக்கென்னங்க கேடு? அப்பன் பிளைவுட்டுக்குன்னு நட்ட மலைவேம்ப அறுத்து, இழைச்சு, உப்புத்தாளு போட்டுத் தேச்சு, ஆளிவெதை எண்ணெயத் தடவறான் தடவறான், அப்பிடித் தடவறான். பெத்த ஆத்தா தலைக்கு ஒரு நா எண்ணெ வெச்சிருப்பானுங்களா?

மத்தவிய பலகைக்கு அடியில மீனு ரெக்கையாட்டம் ஒண்ணு இருக்குமுங்களாமா. அது இருந்தாத்தான் நேராப் போகும். இவனுதுல அதுவும் இல்லை, அடி மொட்டை. ஏன்டா சாமி இல்லைன்னு கேட்டா, அது இல்லாம இருந்தாத்தான் தண்ணி சொல்றது கால்ல தெரியுமாமா. தண்ணி சொல்றது தெரியுது, அப்பன் சொல்றது மட்டும் காதுல ஏறல. கோணலா சறுக்கிச் சறுக்கிப் போயி, பத்துக்கு ஒம்போது தடவ உளுகறானாமா. உளுகறதுக்கு எதுக்குங்க பாலக்காடு தாண்டிக் கடலுக்கு அத்தன தூரம் போகோணும்? எங்க கெணத்து மேட்டுல ஏறிக் குதிச்சாப் பத்தாதா?

எனக்கெப்பிடி இத்தனையும் தெரியுமுங்கறீங்களா? வேலியோரம் துணி காயப்போட்டா நாலு சங்கதி காதுல உளுகுமில்லீங்க. அட, மேல கேளுங்க. நாளைக்கு உங்க புள்ளய இவனுக்குக் குடுத்தீங்கன்னா, ஞாயித்துக்கெழமயானா ஊட்டுல ஆளே இருக்க மாட்டான். மூக்கு மொகறையெல்லாம் கருகிப் போயித்தான் வருவான்.

என்னதுங்க? புடிச்சிருக்குதா? உங்க புள்ள நவ்யாவும் நீச்சல்காரிங்களா? போத்தனூர்ல பட்டறையே வெச்சுக் குடுப்பீங்களா? அட கெரகமே! தொண்டத்தண்ணி வத்த நான் இத்தன நேரம் பேசுனது என்னத்துக்குங்க!

செரி, உக்காருங்ண்ணா. இந்தாங்க, மோரு குடிங்க. இனி மறைச்சு ஆகப்போறது ஒண்ணுமில்லை.

அந்தச் சாளையில ரெண்டு பலகை சாத்தி வெச்சிருக்கறானுங்க. நிக்கற ஆளு உசரத்துக்குத்தான் பலகை அறுப்பானாமா, அவனே சொன்னது. பெருசு அவனுது. சின்னது ஆருதுடான்னேன். ஆர்டருங்க, அத்தேங்கறான், மூஞ்சியப் பாக்காம. போன வருசம் வரைக்கும் ஆன்ட்டின்னு கூப்பிட்டவனுங்க! அவன் அந்தண்ட போனதும் ஒரு நூலெடுத்துட்டுப் போயி அளந்துட்டு வந்தேன். எங்கூட்டு வாசக்கதவு நெலவுல, வருசா வருசம் பொங்கலன்னிக்கு என்ற புள்ளய நிக்க வெச்சுப் பென்சில்ல கோடு போடுவனுங்க. கடைசிக் கோட்டுக்கும் அந்த நூலுக்கும் ஒரு மயிரெழை வித்தியாசமில்லை.

லோகப்பிரியா. ஒரே புள்ள. காந்திபுரத்துல கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போறா. ஞாயித்துக்கெழமயானா, ஆஃப்ரின்னு ஒரு சிநேகிதி ஊட்டுக்குப் போறேன்னு வெள்ளென கெளம்பீருவா. அந்தப் புள்ள ஊடு போத்தனூருங்களாமா. சாயங்காலம் வந்தாள்னா காதுக்குள்ளாற மணலு, முடியெல்லாம் உப்பு. அதுக்குத்தான் கேட்டனுங்க, உங்கூர்ல கடல் இருக்குதான்னு.

எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. என்கிட்டச் சொல்லலையேன்னுதான் ஆத்தாமையா இருக்குது. நானா கேட்டா பயந்துட்டு இல்லைன்னுருவா. சொன்ன வாய்க்காக அப்பறம் இல்லைன்னே ஆக்கிப்போடுவா, அவ அப்பன் ரோசம் அப்பிடி. அவளா ஒரு நா வாயத் தொறக்கட்டும்னு காத்துட்டிருக்கறேன். அது வரைக்கும் அவனுக்குப் பொண்ணு குடுக்க வாரவியள நாந்தானுங்களே திருப்பி அனுப்போணும்? ரெண்டு பேரு போயிட்டாங்க. நீங்க மூணாவது.

பையன் நல்ல பையந்தானுங்க. மொதல்லயே சொன்னேனே.

மோருக்கு உப்புப் பத்துதுங்களா?