மஞ்சள் அட்டைப் புத்தகம் இருந்த இடம்

புத்தகத் திருடர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. திருடுகிறவருக்கு அந்தப் புத்தகம் வேண்டியிருக்கிறது. மனசு உறுத்தி, நாங்கள் நூலகக் கதவைத் திறக்கும் முன்பே வாசல் கம்பியில் பையோடு மாட்டிவிட்டுப் போனவர்கள்கூட உண்டு. எனக்கு ஆகாதது வேறொரு கூட்டம். எடுப்பார்கள், நாலு பக்கம் புரட்டுவார்கள், எடுத்த இடம் மறந்துபோய்க் கைக்கு எட்டிய இடுக்கில் செருகிவிட்டு நடையைக் கட்டுவார்கள். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய நாசம் கிடையாது. தையல் புத்தகம் ஒன்று விண்வெளி அலமாரிக்குள் போய்விட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். கணினியில் கேட்டால் இருக்கிறது என்று சொல்லும். தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஐயா. ஜன்னலக்காவின் சாவைப் பற்றிக் கேட்கத்தான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவருடைய கணவர், அந்த மருந்துக்கடைக்காரர், அடுத்த அறையில் உங்கள் காவலில் இருக்கிறார். என்னுடைய உதவி நூலகர் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகத்தைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்திருக்கிறாள். அது எப்படி எங்கே போனது என்று புரிய வேண்டுமென்றால் அலமாரியிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரு பெண் வழக்கறிஞர். மெலிந்த புத்தகம், நடையும் எளிது. வீட்டில் அடி வாங்கும் பெண் என்ன செய்யலாம், யாரிடம் சொல்லலாம், காவல் நிலையத்தில் என்ன கேட்பார்கள், கடைசியில் வீட்டை விட்டு எப்படிப் பத்திரமாக வெளியேறுவது என்றெல்லாம் அதில் இருந்தது. மருந்துக்கடைக்காரர் ஒருநாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். அவரைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அதிர்ந்து பேசாத மனிதர். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவர் கடைக்குத்தான் ஓடுவார்கள்.

"வீட்டைப் பிரிக்கிறதுக்குப் பாடம் எடுக்குது அக்கா இந்தப் புத்தகம்," என்றார். "எங்க வீட்டுலயே ஒருத்தி புதுசா சட்டம் பேச ஆரம்பிச்சுட்டா."

அந்த ஒருத்தி யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வாசிப்பறையில் ஜன்னலோரம் உட்காருவார். அதனால் எங்களுக்குள் ஜன்னலக்கா. எந்தப் புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார். ஒரு தையல் பத்திரிகையை விரித்து அதன் நடுவில் மஞ்சள் அட்டையை வைத்து, வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பார். கொளுத்துகிற வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை. ஒருமுறை வலது கை வீங்கிப்போய், இடது கையால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி போய்விட்டேன். குடும்பம் என்றால் நாலும் இருக்கும்.

மருந்துக்கடைக்காரரின் புகாரை நான் எப்படிக் கையாண்டேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு புத்தகத்தை எதிர்க்கிறவர் அதை முழுதாகப் படித்திருக்க வேண்டும். குழு கூடி இரு தரப்பையும் கேட்க வேண்டும். முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். எங்கள் விதி அது. விதியில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. விசாரணை நாளன்று கூடம் நிறைந்துவிட்டது. ஒருவருக்குக் கசக்கிற புத்தகம் இன்னொருவருக்கு மருந்தாக இருக்கலாம், எது யாருக்கு என்று தீர்மானிக்க நாம் யார் என்று கேட்டேன்.  பிறகு எழுந்து நின்று கை தட்டினார்கள். பத்திரிகையில் என் படம் வந்தது, நூலகர் சங்கம் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. ஜன்னலக்காவும் அன்றைக்குக் கடைசி வரிசையில் இருந்தார். எல்லாரும் தட்டி ஓய்ந்த பிறகு அவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார். 

தோற்றுப்போன மனிதர் என்மேல் கோபம் காட்டவில்லை. அதுதான் என்னை அசைத்தது. என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்து கிடக்கிறார். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெரு துண்டிக்கப்பட்டபோது, இடுப்பளவு தண்ணீரில் மாத்திரைப் பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தவர் இவர். விசாரணை முடிந்த வாரமும் வழக்கம்போல மாத்திரையோடு வந்தார். படுக்கையில் இருந்தவரின் தலையணையைச் சரிசெய்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க அக்கா, எனக்கு வருத்தமில்ல. அது லைப்ரரியிலயே இருக்கட்டும். கைக்கு மட்டும் எட்டாம இருந்தா போதும்."

அவ்வளவுதான் கேட்டார். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இவ்வளவு உதவி செய்த மனிதரின் சின்ன மனக்குறையைத் தீர்க்க முடியாத நூலகம் என்ன நூலகம் என்று தோன்றியது. மறுநாள் காலை மஞ்சள் அட்டையை எடுத்துப் போய் மின்மோட்டார் பழுதுபார்ப்புப் புத்தகங்களுக்கு நடுவில் நிறுத்தினேன். நான் அதைக் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை, கணினியிலிருந்து நீக்கவும் இல்லை. பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் ஒரு காரியம் முடிந்தது.

ஒருமுறை வழி தெரிந்துவிட்டால் பிறகு கால் தானாகவே போகும். அடுத்து ஒரு நாவலைப் பற்றி ஓய்வுபெற்ற பதிவாளர் ஒருவர் புகார் கொண்டுவந்தார். பிறகு, பிள்ளைகளின் உடல் மாற்றங்களைச் சொல்லும் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சில பெற்றோர். பிறகு, தங்கள் முன்னோரைக் குறை சொல்வதாக ஒரு வரலாற்று நூலைப் பற்றி ஒரு கூட்டமே வந்தது. ஒவ்வொன்றிலும் நான் புத்தகத்தின் பக்கம் நின்று பேசினேன், ஒவ்வொன்றிலும் ஜெயித்தேன், ஒவ்வொன்றும் சில நாளில் வேறு அலமாரிக்குக் குடிபோனது. நாவல் வரி விதிகளுக்கு நடுவே. வரலாறு கால்நடை மருத்துவத்துக்கு நடுவே. அந்த வரலாற்று நூலைக் கேட்டு அலைந்த ஒரு கல்லூரி மாணவி கடைசியில் தன் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். புதுத் தலைப்பும் நல்ல தலைப்புதான். எங்கள் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம்கூட வெளியேற்றப்பட்டதில்லை என்று நான் மேடையில் சொன்னபோது அது அப்பழுக்கில்லாத உண்மை. மற்ற ஊர்களில் கல்லெறிந்தார்கள், ஜன்னலை உடைத்தார்கள், நூலகரை மாற்றினார்கள். எங்கள் ஊரில் ஒரு சத்தம் இல்லை. அதற்குக் காரணம் யார் என்று யாருக்கும் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் ஒழுங்கு. எங்கள் உதவி நூலகர் கிழிந்த புத்தகங்களை ஒட்டி ஒட்டி விரல் முழுக்கப் பசையோடு திரிவாள். பசைக்காரி என்று கேலி செய்வோம். ஜன்னலக்கா இறந்த பிறகு ஒரு மோட்டார் மெக்கானிக் ஏதோ புத்தகம் கேட்டு வந்திருக்கிறார். எடுக்கப் போனவளின் கண்ணில் மஞ்சள் அட்டை பட்டது. அதோடு விட்டாளா, எல்லா அலமாரியையும் தட்டுத்தட்டாகப் பார்த்துக்கொண்டே போய், மீதியையும் அள்ளிக்கொண்டு வந்து என் மேஜைமேல் அடுக்கினாள்.

"இதுக்கெல்லாம் காலா முளைச்சுது அக்கா?" என்றாள்.  "வாசகர் செருகினா கோணலா இருக்கும், உள்ள அமுங்கிக் கிடக்கும். இதெல்லாம் தட்டோட விளிம்புக்கு விளிம்பு ஒட்டி நிக்குது. நம்ம லைப்ரரியில அப்படி நிறுத்துறது ஒரே ஒரு கைதான்."

அவள் சொன்னது சரி. எந்தப் புத்தகத்தையும் தட்டின் விளிம்புக்கு இழுத்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி நிறுத்தாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஒளித்து வைக்கும்போதும் அப்படியே செய்திருக்கிறேன், யோசிக்கக்கூட இல்லை. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை ஒருவராவது கவனித்திருக்கிறார். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஆக, ஒளித்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியாது, அனேகமாக உங்களுக்கும் தெரிந்திருக்காது.

ஜன்னலக்கா அந்தப் புத்தகத்தைத் தேடி வந்தார். பசைக்காரி கணினியைப் பார்த்துவிட்டு உள்ளேதான் இருக்கிறது என்பாள், இரண்டு பேரும் சேர்ந்து தேடுவார்கள், கிடைக்காது. என்னிடம் கேட்டபோது, யாரோ வாசிப்பறையில் வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள் என்றேன். இன்னொரு முறை கேட்டபோது, ஒட்டப் போயிருக்கும் என்றேன். மூன்றாவது முறை பசைக்காரி வருவதற்கு முன்பே வந்துவிட்டார். என் மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து, மெல்லப் பேசினார்.

"முழுப் புத்தகமும் வேண்டாம் மேடம். கடைசி அத்தியாயம் மட்டும் போதும். கிளம்பும்போது என்னென்ன கையில எடுத்துக்கணும், முதல்ல யார்கிட்ட போகணும்னு அதுல இருக்கு. பாதியில விட்டுட்டேன். வியாழக்கிழமைக்குள்ள வேணும். அன்னைக்குத்தான் அவர் சரக்கு எடுக்க வெளியூர் போவார்."

வியாழக்கிழமை காலையில் வாருங்கள், எடுத்து வைக்கிறேன் என்றேன். சொல்லும்போது அப்படித்தான் நினைத்தேன். அப்போதே எழுந்துபோய் எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மோட்டார் அலமாரி என் மேஜையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அங்கிருந்து அதை எடுத்துவந்தால், அது அங்கே எப்படிப் போனது என்று அவர் கேட்டிருப்பார். என்னைப் பார்த்துக் கை தட்டிய பெண். அந்த முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் என் கையைப் பிடித்து, உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கிறதே தெம்பா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. புதன்கிழமை இரவே மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டார் என்று தெருவில் சொன்னார்கள். விழவில்லை என்று நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். எனக்கு வருத்தம் இருக்கிறது, ஐயா. ஜன்னலோர நாற்காலியை யாராவது இழுத்து உட்காரப் போனால் வேறு இடம் காட்டிவிடுகிறேன்.

நீங்கள் ஒன்றை மட்டும் இன்னும் கேட்கவில்லை. வருஷக்கணக்காக அடித்தவர், அந்த வாரம் மட்டும் வெளியூர் போகிற திட்டத்தை ஏன் மாற்றினார், மனைவி கிளம்பப் போகிறாள் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறாரோ என்னவோ. அந்த விஷயத்தில் அவர் பண்பானவர்.

செவ்வாய்க்கிழமை மாலை மாத்திரை கொண்டுவந்தார். என் வீட்டுக்காரருக்கு வாயைத் துடைத்துவிட்டார். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புத்தகத்தை இப்ப யாராச்சும் கேக்குறாங்களா அக்கா?"

யார் எதைப் படிக்கிறார்கள் என்பதை நாங்கள் வெளியே சொல்வதில்லை. நீங்களே சீருடையோடு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம் என்று நுழைவாயிலில் பலகை வைத்திருக்கிறோம், அந்த வாசகம் நான் எழுதியது. ஆனால் அது நூலகத்துக்குள். இது என் வீடு, இவர் என் தம்பி மாதிரி, அங்கே படுக்கையில் இருப்பவரின் உயிர் இவர் கையிலிருந்து வருகிற பொட்டலத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டம்மா மட்டும்தான் கேட்கிறார்கள் என்றேன். எதற்காம் என்றார். கடைசி அத்தியாயம் வேண்டுமாம், வியாழக்கிழமைக்குள் வேண்டுமாம் என்றேன். அந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். புகார் கொடுத்தவர்தான், ஆனால் அந்த அத்தியாயம் வரை படித்திருக்கவில்லை போலிருக்கிறது. அதையும் விளக்கமாகச் சொன்னேன்.

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். அந்த முழுக்கைச் சட்டையை நானும்தான் பார்த்தேன். அவர் கேட்டார், நான் சொன்னேன். கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஐயா.