நிமிடத்துக்கு நூற்றுப் பத்துச் சொற்கள்

தேநீர் வேண்டாம், இன்ஸ்பெக்டர் அம்மா, தண்ணீர் போதும். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளை ஓடவைப்பதுதான் என் பிழைப்பு. மூன்றாவது சுற்றில் எல்லாப் பிள்ளையும் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கும். "நிக்காதே, ஓடு, தானா சரியாயிடும்" என்பேன். சரியாகியும் விடும். என் மகள் விஷயத்திலும் எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். உதவித்தொகையோடு ஒரு விடுதிப் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு. பத்திகளை வாசித்துப் புரிந்துகொண்டு நாற்பது நிமிடத்தில் நாற்பது கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். குட்டி கெட்டிக்காரி, ஆனால் வாசிப்பதில் நத்தை. நிமிடத்துக்கு அறுபது சொல் தாண்ட மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததில் காரணம் பிடிபட்டது. படித்த வரிக்கே அவள் பார்வை திரும்பத் திரும்பப் போனது. ஒரு தபால் அட்டையை எடுத்து, படித்த வரிகளை மேலிருந்து மூடிக்கொண்டே வந்தேன். ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சாரத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மறுநாள் காலை பல் துலக்கும்போது அதையே மறுபடி கேட்பேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே. இரண்டே மாதத்தில் தொண்ணூறைத் தொட்டாள். தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அதற்கு அடுத்த வாரம் புதிதாக ஒன்று சொன்னாள்.

"அப்பா, நீங்க அட்டைய வைக்காமலே மேலேர்ந்து கறுப்பா இறங்குது."

"பாத்தியா, அவ்வளவு பழகிடுச்சு" என்றேன். அவளும் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. எனக்கு ஆலையில லீவு தரமாட்டாங்க. நீங்க நாளைக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். போனேன்.

டாக்டர் குட்டியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினார். இரண்டு கண்ணிலும் உள்ளே இருக்கும் திரை கழன்றுகொண்டு வருகிறதாம். அந்த வாரமே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் பார்வை போய்விடும். செய்தால் ஒரு மாதம் புத்தகத்தைத் தொடக்கூடாது. தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அடுத்த வருடம் எழுதலாம் என்றால் வயது கடந்துவிடும்.

"என்னப்பா சொன்னாரு?" என்றாள் வெளியே வந்ததும்.

"புதுக் கண்ணாடி போடணுமாம். பரீட்சை முடியட்டும்."

மனைவியிடமும் அதையே சொன்னேன். டாக்டர் கொடுத்த சீட்டைப் பள்ளியில் சாமான் அறையில், பந்துக் கூடைக்கு அடியில் வைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவள் வேகம் கூடியது. மேலே தெரியாததால் படித்த வரிக்குத் திரும்பவே மாட்டாள். நிமிடத்துக்கு நூற்றுப் பத்து. நோட்டில் தேதி போட்டுக் குறித்திருக்கிறேன். சந்தோஷப்பட்டேன். ஆமாம், மனசார சந்தோஷப்பட்டேன்.

கடைசி வாரம் சாப்பிடும்போது என் காதருகே வந்து, "அம்மா மூஞ்சில வாய் மட்டுந்தான்பா தெரியுது" என்றாள். அம்மாவிடம் சொல்லாதே, பயந்துவிடுவாள் என்றேன். சொல்லவில்லை. என் பேச்சைத் தட்டாத பிள்ளை. தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதினாள். நாற்பதுக்கு முப்பத்தெட்டு. முதலிடம்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். "இருபது நாளா எங்கே சார் போயிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டபோது மனைவி பக்கத்தில் நின்றாள். அறுவைச் சிகிச்சை செய்தும் பார்வை திரும்பவில்லை. மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தனியாக அந்த வீட்டில் அழுதுகொண்டு கிடக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டி போன் செய்தாள். "அப்பா, அன்னைக்கு டாக்டர் கண்ணாடின்னு மட்டுந்தான் சொன்னாரா?"

"ஆமாடா குட்டி."

"சரிப்பா. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் பேசவில்லை.

டாக்டர் சொன்னது எனக்கு அப்போதே முழுதாகப் புரிந்தது. தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அம்மா. இந்த வாக்குமூலத்தைக் குட்டிக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டாம். நான் சொன்னதைப் பிள்ளை நம்பியிருக்கிறாள்.